ஐப்பசிக்கு எங்கள் கடையில் கொடுத்த கதை

ஐப்பசி பிறந்ததும், தோட்டத்து ஆட்களை நடத்துகிற கங்காணிமார் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். தோட்டங்களில் கோப்பிப் பழம் சிவக்கிற காலம் அது. மலைக்குப் புது ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள். மழையும் கூடவே வந்து இறங்கியிருக்கும். பொழுது சாய்ந்தால் ஆட்கள் குடியிருக்கிற லயத்தை விட்டு வெளியே தலை காட்ட முடியாது. அத்தனை பேர் ஈரத் துணியோடு ஒரே கூரையின் கீழ் அடைந்து கிடந்தால் என்ன நடக்கும்? ஒன்று சண்டை நடக்கும், இல்லாவிட்டால் கதை நடக்கும். சண்டையைவிடக் கதை மலிவு என்று கண்டுகொண்ட கங்காணிகள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள்.

கண்டியில் தமிழ்ப் புத்தகத்துக்கென்றே இருந்த கடை எங்களுடையது ஒன்றுதான் என்று அந்தக் காலத்தில் நான் பெருமை பேசுவேன். மற்றக் கடைகளில் அரிசிக்கும் கம்பளிக்கும் நடுவே நாலு புத்தகம் கயிற்றில் தொங்கும். பக்கத்தில் கருவாடு இருக்கும். வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்தால் ராணி முதல் சேடிவரை எல்லோர்மேலும் கருவாட்டு வாசம் அடிக்கும். எங்கள் கடையில் புத்தகமும் பஞ்சாங்கமும் மட்டுமே. வாவிக்கரையிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற வளைவில் ஒரு கதவு, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. அவ்வளவுதான் எங்கள் ராஜ்யம். அச்சடித்த தாள்கள் சென்னப்பட்டணத்திலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பேராதனை வழியாக ரயிலில் கட்டுக் கட்டாக வரும். அவற்றை மடித்து, தைத்து, அட்டை ஒட்டிப் புத்தகமாக்குவது என் மனைவியின் வேலை. விற்பது என் வேலை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவன் இருப்பான். அவன் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கங்காணிக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எடுக்க வழியில்லை. அதனால் எங்கள் கடையில் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். கங்காணி குடையை மூலையில் சாத்துவார், கதிரையில் சாய்வார், வெற்றிலையை மடிப்பார், "எங்க, வாசிங்க பாப்போம்" என்பார். நான் நாலு பக்கம் வாசிப்பேன். பிடித்தால் எடுப்பார். பிடிக்காவிட்டால் அடுத்ததை வாசிக்க வேண்டும். ஐப்பசி முடிவதற்குள் என் குரல் தவளைக் குரலாகிவிடும்.

சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இதையெல்லாம் என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் கடையிலிருந்த அத்தனை கதையும் அவள் தலையில் இருந்தது. ஒருமுறை ஒரு கங்காணிக்குப் பெரிய யுத்தக் கதை ஒன்றை நான் பாதி விற்றுவிட்ட சமயத்தில் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கங்காணி அண்ணே, ஒங்க லயத்துல கூடுதலா யாரு, ஆம்பளைங்களா?"

"ஆமா தாயி. எல்லாம் எளவட்டம்."

"அப்ப இது வேணாம். இதக் கேட்டுட்டு ஒருத்தன் மண்டைய ஒருத்தன் ஒடைச்சுக்குவானுங்க. மாமியாக்காரி மருமககிட்டத் தோக்கிற கதை ஒன்னு இருக்கு. அதக் கொண்டுபோங்க. சிரிச்சுட்டுத் தூங்கிருவானுங்க."

அவர் அதைத்தான் கொண்டுபோனார். அடுத்த ஐப்பசிக்கு வந்தவர் என்னைப் பார்க்கவேயில்லை. நேரே திரையைப் பார்த்து, "தாயி, இந்த வருசம் எது?" என்றார். அன்றோடு என் வியாபாரம் என் கையை விட்டுப் போயிற்று.

அவள் கதை கொடுக்கிற விதமே தனி. முதலில் லயத்தைப் பற்றி விசாரிப்பாள். சாவு விழுந்த லயத்துக்குச் சாவுக் கதை கிடையாது. அங்கே கடலில் திசை தப்பின உப்பு வியாபாரி ஊர் திரும்புகிற கதை போகும். புதிதாகக் கல்யாணமானவர்கள் இருந்தால் சந்தேகக்கார ராஜா கதை கூடாது. பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், காட்டில் பிரசவிக்கிற ராணி கதையைக் கங்காணி கண்ணில் படாமல் அலுமாரிக்குள் தள்ளிவிடுவாள். கெலிஓயாப் பக்கமிருந்து ஒரு கணக்கப்பிள்ளை வந்தார். நாலெழுத்துப் படித்தவர். லயத்து ஆட்களைத் திருத்துகிற மாதிரி உயர்ந்த விஷயமாக ஒன்று வேண்டும் என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், "இவருக்குப் பஞ்சாங்கம் குடுங்க" என்றாள்.

நான் கேலி செய்வேன். எழுத்தறியாதவள் சொல்லி எழுத்தறியாதவர் வாங்க, நடுவில் எழுத்தறிந்தவன் ஒருவன் தண்டமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பேன். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "வாசிக்கிறதுக்கு ஆள் வேணுமில்ல" என்பாள்.

கதையைக் கொடுத்த பிறகு எல்லாக் கங்காணிகளிடமும் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அது வரும் என்று தெரிந்து நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

"அண்ணே, ஒங்க ஆளுங்க எந்த வழியா வந்தாங்க? வடக்குப் பாதையிலயா? யாராச்சும் பாதையில ஒரு பொம்பளப் புள்ளையக் கண்டெடுத்து வளக்கிறாங்களா?"

நாங்களும் அந்தப் பாதையில் வந்தவர்கள்தான். படகில் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து மாத்தளைக்கு ஏற வேண்டும். கூட்டத்தோடு போனால் பயமில்லை என்று ஒரு கங்காணியின் ஆட்களோடு சேர்ந்துகொண்டோம். என் தலையில் புத்தக மூட்டை, பக்கத்தில் மனைவி, அவள் கையில் எங்கள் மகள். நாலு வயது. பாதித் தூரம் நடப்பாள், பாதித் தூரம் அழுவாள். கதை சொன்னால் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு நடப்பாள். தம்புள்ளையைத் தாண்டியதும் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு கால் மடங்கிவிட்டது. நான் அவளைத் தோளில் தூக்கினேன். மூட்டையை ஓர் இளவட்டம் வாங்கிக்கொண்டான். மகளைக் கூட்டத்தில் வந்த ஒரு பெண் கையில் பிடித்துக்கொண்டாள். அவளும் கதை சொல்லத் தெரிந்தவள், பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே கூட்டத்தில் வாந்திபேதி கண்டது. எங்களோடு முன்னால் நடந்தவர்களை ஓட்டமாக ஓட்டினார்கள். அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் போலப் பின்தங்கினவர்களை, வழிப்போக்கர் தங்குகிற அம்பலத்தில் நிறுத்தி வைத்தார்கள். மாத்தளைக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம். மூட்டையும் வந்து சேர்ந்தது. ஒரு புத்தகம்கூட நனையவில்லை. பிள்ளை வரவில்லை.

மனைவியை ஒரு கொட்டகையில் கிடத்திவிட்டு வந்த வழியே ஓடினேன். அந்தப் பெண் செத்துப்போய் அம்பலத்துக்குப் பின்னால் புதைத்தாகிவிட்டது என்றார்கள். பிள்ளையை? பின்னால் வந்த வேறொரு கூட்டம் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அது எந்தக் கங்காணியின் கூட்டம், எந்தத் தோட்டத்துக்குப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. மலை முழுக்கத் தோட்டம், தோட்டம் முழுக்க லயம். ஏற விட்ட தோட்டங்களில் எல்லாம் ஏறித் தேடினேன். வாசலிலேயே திருப்பி அனுப்பின துரைமார்தான் அதிகம். கடைசியில் கண்டியில் மூட்டையை அவிழ்த்துக் கடை போட்டோம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பிள்ளையின் வலது காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு மறு உண்டு. என் மனைவி அதை எந்தக் கங்காணியிடமும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது ஒன்னுதான் என்கிட்ட இருக்கு. அதையும் ஊருக்குக் குடுத்துட்டா?" என்றாள்.

சில வருடங்கள் போயின. ஓர் ஆவணியில் வந்த கட்டில் ஒரு புதுக் கதை இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தொலைத்த ஒரு தாய் வளையல் விற்கிறவளாகிறாள். வேறு யாருக்கும் கை நீட்டாத வீட்டுப் பெண்கள்கூட வளையல்காரிக்குக் கை நீட்டுவார்கள் அல்லவா? ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்க்கிறாள். கிழவியாகிற காலத்தில், ஒரு குயவர் வீட்டு வாசலில் நீட்டின கையில் தன் மகளின் தழும்பைக் காண்கிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டு சுமார்தான். அச்சுப் பிழையும் நிறைய. நான் குரல் பார்க்க வாசித்தபோது திரைக்குப் பின்னால் ஊசி நின்றுவிட்டது.

"இன்னொருவாட்டி வாசிங்க" என்றாள்.

அந்த ஐப்பசியில் முதல் கங்காணிக்கு வளையல்காரி கதை போயிற்று. இரண்டாமவருக்கும் அதுவே. இளவட்டங்கள் நிறைந்த லயத்துக்கும் அது, கிழடுகள் நிறைந்த லயத்துக்கும் அது. அடுத்த கட்டு வரவழைத்தோம், அதுவும் போயிற்று. லயம் லயமாக விசாரித்து ஆளுக்கேற்ற கதை கொடுத்தவள் இப்போது விசாரிப்பதே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எல்லா நோவுக்கும் ஒரே கஷாயமா?" என்று கத்தினேன்.

"ஆமா."

"வர்றவன் எல்லாரும் சிரிக்கப்போறான்."

"சிரிக்கட்டும். நம்மள வாசல்லயே நிறுத்துறான் தொர. புத்தகத்த நிறுத்துறானா? அது உள்ள போகுதுல்ல? அவளுக்குக் கதைன்னா உசுரு. எங்கயாச்சும் ஒரு மூலையில ஒக்காந்து கேப்பா. இதக் கேட்டா அவளுக்கு நெனப்பு வரும்."

நாலு வயதில் விட்ட பிள்ளைக்கு என்ன நினைப்பு வரும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேனே தவிர ஆத்திரம் அடங்கவில்லை. இருக்கிறாளோ இல்லையோ என்று தெரியாத ஒருத்திக்காக ஒரு மலை முழுவதற்கும் ஒரே கதையை ஓதிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் சிரிப்பார்கள் என்று நான் சொன்னது பலிக்கவில்லை. அந்தக் கதையை மலை பிடித்துக்கொண்டது. லயத்தில் கதை கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கதையில் கல்யாணம் வந்தால் தேங்காய் உடைப்பார்கள். முடிசூட்டு வந்தால் சர்க்கரை கொடுப்பார்கள். வளையல்காரி கதைக்கு அவர்களே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். பிள்ளை கிடைக்கிற இடம் வாசிக்கப்படும் நாளில் ஒரு சிறுமியைக் குளிப்பாட்டிப் பலகையில் உட்கார வைப்பார்கள். அந்த அடி வந்ததும் பெண்கள் அவள் கையில் வளையல் போட்டுக் குலவையிடுவார்கள். உட்காருகிற பிள்ளை தாயும் தகப்பனும் உயிரோடிருக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் மங்கலம். இதையெல்லாம் கங்காணிகள் வந்து சொல்லச் சொல்ல அவள் முகம் மலரும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அடுத்த வருடம் கார்த்திகை முடிகிற சமயம், அடைமழையில், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துக் கங்காணி ஒருவர் கடைக்குள் ஏறினார். குடை பிடித்தும் நனைந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் கித்துள் கருப்பட்டி.

"தாயி, வாயத் தொறங்க" என்றார். "மொதல்ல இனிப்பு. பெறவுதான் சேதி."

அவள் வாயைத் திறக்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பலகையில வேற புள்ளையத்தான் ஒக்கார வச்சிருந்தோம் தாயி. வளையல் போடுற நேரம் பாத்து ஒன்னு கூட்டத்துலேருந்து எந்திரிச்சு வந்துருச்சு. பலகைக்கு முன்னால நின்னு கைய நீட்டுது. 'இது என் கதை'ங்குது. விசாரிச்சா, பாதையில கண்டெடுத்த புள்ளைதான். பதினொன்னு பன்னெண்டு வயசிருக்கும். பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சொன்னவன் அங்க வந்து பாத்திருக்கணும். லயமே அழுதுச்சு."

காதைப் பார்த்தீர்களா என்று நான் கேட்கப்போனேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.   நான் அதுவரை நம்பாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். நின்ற நிலையில் நம்பிவிட்டேன்.

துரையிடம் அனுமதி வாங்கி வைப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை வரும்படியும் சொல்லிவிட்டுக் கங்காணி போனார். அவள் கடைத்தெருவுக்குப் போய் வளையல் வாங்கி வந்தாள். விரித்துக் காட்டியபோது சின்னக் கைக்கும் இருந்தது, பெரிய கைக்கும் இருந்தது.

"எதுக்கு இத்தனை அளவு?"

"கை எம்புட்டு வளந்திருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மாட்டுவண்டியில் போனோம். வண்டிக்காரர் சிங்களவர், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார். மழை அன்று ஓய்ந்திருந்தது. வழியெல்லாம் அவள் பேசினாள். எத்தனையோ வருடமாக அவள் அப்படிப் பேசியதில்லை. வந்ததும் எங்கே படுக்க வைப்பது, சாக்குத் திரையை எடுத்துவிட்டுத் துணித் திரை போட வேண்டும், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "எனக்கும்தான் சேத்துச் சொல்லிக்குடுங்களேன்" என்றாள். சரி என்றேன். அந்த மலைப்பாதையில் அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

லயத்துக்கு முன்னால் கங்காணி நின்றார். அவர் முகத்தில் களை இல்லை. அவருக்குப் பின்னால் சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியல்ல. ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் தலை எண்ணெய் வழிய வாரியிருந்தது. இருப்பதில் நல்ல துணியை உடுத்தியிருந்தார்கள்.

"நீங்க வர்ற சேதி பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போயிருச்சு தாயி" என்றார் கங்காணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பாதையில தாயத் தொலைச்சது, தாய் செத்தது, எல்லாம் வந்து நிக்குதுங்க. நான் சொல்லிப் பாத்தேன். போக மாட்டேங்குதுங்க."

ஒருத்திக்கு மார்பு வளர்ந்து கல்யாண வயதே வந்திருந்தது. ஒன்று மூன்று வயதுகூட நிரம்பாதது. அதன் அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு தானும் நின்றாள். கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களா அவர்கள்? தங்களுக்குப் பொருந்தாது என்று தெரியும். தெரிந்தும் குளித்துவிட்டு வந்து நின்றார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடத் தோன்றியது.

பலகைக்கு முன்னால் கை நீட்டின பிள்ளையைக் கங்காணி முன்னால் கூட்டி வந்தார். மெலிந்த பிள்ளை. கண் மட்டும் பெரிது. என் மனைவி அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைத் தடவினாள். பிறகு வலது காதுக்குப் பின்னால் முடியை விலக்கி விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது. அசையவில்லை. அந்த விரலைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லையா?" என்றாள் பிள்ளை.

 பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பி, இடது பக்கத்து முடியைத் தானே ஒதுக்கிப் பிடித்தாள்.

"இந்தக் காதுலயும் பாருங்க."

என் மனைவி பார்த்தாள். வலது காதுதான் என்று அவளுக்கு நெருப்புப் போலத் தெரியும். ஆனாலும் அந்த இடது காதை, முடியை ஒதுக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தக் காதில் முத்தம் கொடுத்தாள்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். லயத்து மூலையில் தலையில் விறகுக் கட்டோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து நிற்கிறாள். கட்டை இறக்கவில்லை. கண்ணை எடுக்கவில்லை. கண்டெடுத்து வளர்த்தவள் அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மனைவி அவளைப் பார்த்தாள்.

"எறக்கி வைங்கக்கா" என்றாள். "நான் கூட்டிக்கிட்டுப் போக வரல. ஒங்க புள்ளதான்."

அவள் கட்டைப் பொத்தென்று போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வளையல்களை என் மனைவி திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு காதாகப் பார்த்தாள். அக்கா இடுப்பிலிருந்த அந்தக் குழந்தையின் காதைக்கூட விடவில்லை. பார்த்துவிட்டு ஒவ்வொரு கையிலும் வளையல் போட்டாள். எல்லா அளவும் பயன்பட்டன. கையை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். குலவையிட யாரும் முன்வரவில்லை.

திரும்பும்போது வண்டிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு சிரட்டையில் கோப்பி வாங்கித் தந்தார். அவள் அதை ஆற விட்டுவிட்டாள். நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தால் நம்மோடு வந்திருப்பாளே. கூட்டி வந்திருக்கலாம்."

"வந்திருப்பா. அப்ப அந்த வெறகுக்காரி அடுத்த ஐப்பசிக்கு எந்தக் கதையக் கேப்பா?"



அடுத்த ஐப்பசி பிறந்தது. மழை வந்தது, கங்காணிமாரும் வந்தார்கள். ஹுன்னஸ்கிரியக் கங்காணியும் வந்தார். குடையைச் சாத்திவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தாயி, அந்த வளையல்காரி கதையவே மறுபடி குடுங்க. போன வருசத்துப் புத்தகத்த ஊருக்குத் திரும்புனவன் ஒருத்தன் கொண்டுபோயிட்டான். புள்ளைங்க கேக்குதுங்க."

"அது தீந்துபோச்சு அண்ணே."

"அந்தா, அலுமாரியில கட்டோட இருக்கே."

"அது விக்கிறதுக்கு இல்ல. ஒங்க லயத்துல இந்த வருசம் எப்பிடி, எளவட்டம் கூடுதலா?" என்று அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். பழையபடி, ஆள் ஆளாக, நோவு நோவாக. அவருக்கு ஒரு சிரிப்புக் கதை கொடுத்து அனுப்பினாள். வடக்குப் பாதையைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த யாரிடமும் கேட்கவில்லை.

அவர் போனதும் நான் திரையை விலக்கினேன். இத்தனை நாள் அந்தக் கதையைக் கொடுக்காதே என்று அவளோடு மல்லுக்கு நின்றவன், அன்று கொடு என்று மல்லுக்கு நின்றேன்.

"கொடுக்காமல் விட்டால் எப்படி? இன்னும் எத்தனை தோட்டம் இருக்கிறது. அடுத்த தோட்டத்தில் அவள் இருந்தால்? அந்த லயத்து மூலையில் உட்கார்ந்துகொண்டிருந்தால்?"  எனக்கு என் பிள்ளை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதை நான் அவளிடம் அதற்குமுன் சொன்னதே இல்லை.

அவள் ஊசியைத் தாளில் குத்தி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு லயத்துலயும் ஏழெட்டு எந்திரிச்சு நிக்கும். அத்தனைக்கும் நம்மளால போயி இல்லேன்னு சொல்ல முடியுமா? இந்தக் காதையும் பாருங்கன்னு அது காட்டுச்சே, அத நீங்க பாத்தீங்கல்ல? நம்ம புள்ளைக்காக இன்னொரு புள்ள அப்பிடித் திரும்பி நிக்கக் கூடாது."

"அப்போ நம்ம பிள்ளை?"

"அவளுக்கும் ஒரு வெறகுக்காரி இருப்பா" என்றாள். "இருக்கணும்."

அப்புறம் அவள் அந்தக் கதையைப் பற்றிப் பேசவில்லை. என்னையும் பேச விடவில்லை. எழுத்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னதையும் மறந்துவிட்டாள். ஐப்பசிதோறும் கதை கொடுத்தாள். கடைசி ஐப்பசியில் படுத்த படுக்கையிலிருந்தே, "அவருக்கு உப்பு வியாபாரி" என்று சொல்லியனுப்பினாள். அவள் போன பிறகு கோப்பிச் செடிக்கு இலை நோய் வந்து மலை மலையாகப் பட்டுப்போயிற்று. கங்காணிமார் குறைந்துபோனார்கள். இப்போது வருகிறவர்கள் தேயிலை என்று எதையோ பேசுகிறார்கள். எந்தக் கதை நல்லது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அவள் கேட்ட கேள்விகளையே கேட்டு, அவள் கொடுத்திருக்கக்கூடியதையே கொடுக்கிறேன்.

அலுமாரியில் அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. அவள் கையால் தைத்தவை. அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒன்றைக்கூட விற்கவில்லை, எந்தத் தோட்டத்துக்கும் அனுப்பவில்லை. ஆனால் மழை நாளில் கடையில் ஆள் இல்லாதபோது ஒன்றை எடுத்து, ராகம் போட்டு, வாய்விட்டு வாசிக்கிறேன். தெருக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன்.